இனிஷியல் இல்லாத லிங்கதுரை

லிங்கதுரை டாட் இன் என்ற பெயரைப் பத்திரக்கனி தன் வலைப்பூவோடு இணைத்து ரெண்டு நாள் கழிந்தபின், நாக்பூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு லிங்கதுரை, வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்துவிடுகிறேன் என்று கடையில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுத் தெருமுனையில் திரும்பியவர், தூத்துக்குடிப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டிக் கிடக்கும் தேரிவிளை என்ற ஊரில், தெற்குத் தெருவில், பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். கதவைத் தட்டியவர், திறந்தது தன் பெண்டாட்டி இல்லை என்று கண்டதும், தப்பான மாடிப்படி ஏறிவிட்டவர் போல ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

"நீங்க யாரு?" என்று கேட்டாள் பத்திரக்கனி.

"லிங்கதுரை" என்றார் அவர்.

கதவைத் தட்டிய சத்தத்தைக் கேட்டபோது அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியும், இந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அது நின்ற நிலையும் அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பவரை வெறும் வாயோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு செம்பு தண்ணீர் மோந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, இங்கிருந்து நாக்பூருக்கு எந்த வண்டி ஏற வேண்டும் என்று விசாரித்தார். அவர் கவலையெல்லாம் சாப்பாடு ஆறிப் போய்விடுமே என்பதுதான்.

பத்திரக்கனியின் புருசன் பெயரும் லிங்கதுரைதான். மஸ்கட்டில் வேலைக்குப் போனான். போன புதிதில் வெள்ளிக்கிழமைதோறும் பேசினான், அப்புறம் மாசத்துக்கு ஒரு தரம் பேசினான், அப்புறம் அவளாகக் கூப்பிட்டால் எடுத்தான். பேசத்தான் நேரமில்லை, வாசிக்கவாவது வாசிக்கட்டும் என்று நினைத்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஜெபசிங்கிடம் போய்க் கேட்டுப் படித்து, இலவச வலைப்பூ ஒன்றைத் தொடங்கினாள். அதற்குப் 'பச்சைக் கதவு' என்று பெயர் வைத்தாள். கிணற்றில் வாளி விழுந்ததை எழுதினாள், மாமனார் செத்ததை எழுதினாள், அடுத்த வீட்டு ஆடு முருங்கையைக் கடித்ததை எழுதினாள், ஒவ்வொன்றையும் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போலவே எழுதினாள். அதை வாசித்தது ஜெபசிங்கும், எதைப் போட்டாலும் 'அருமை சகோதரி' என்று கீழே எழுதிவிட்டுப் போகும் கனடாக்காரர் ஒருவரும்தான்.

"வாசிச்சீகளா?" என்று ஒருநாள் போனில் கேட்டேவிட்டாள்.

"அந்த அட்ரஸு அனுமார் வாலு மாதிரில்லா நீண்டுக்கிட்டே போவுது. வேலை முடிஞ்சு வந்து அதை ஒவ்வொரு எழுத்தா அடிச்சுக்கிட்டு கெடக்கவா? எம் பேருல இருந்தாலாவது மறக்காது" என்றான் அவன், பேச்சை முடித்தால் போதும் என்று.

அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் அரபியில் சொன்னது. பேச்சை முடிக்கச் சொன்ன சாக்கை வாக்கு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த உலகத்தில் உண்டு, பத்திரக்கனி அந்த ரகம். அவள் ஜெபசிங்கிடம் போய், எங்க வீட்டுக்காரக பேரையே அட்ரஸா வாங்கணும் தம்பி என்றாள்.

ஜெபசிங் நல்ல பையன்தான், வேலையும் தெரிந்தவன்தான். விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "இனிஷியல் சேர்த்துக்கிடுவோமாக்கா? பி. லிங்கதுரைன்னு போட்டுருவோம். இல்லேன்னா ஊருப்பட்ட லிங்கதுரை இருக்கானுவ."

"இனிஷியல் ரேஷன் கார்டுக்குத்தான் தம்பி. வீட்டுக்கு வாற மனுசன் வாசல்ல நின்னுக்கிட்டு இனிஷியலோடயா பேரைச் சொல்லுவான்?"

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்பன் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, அதையும் பள்ளிக்கூடத்திலும் பத்திரத்திலும் மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிற ஜனங்கள்தானே நாம். அந்த ஒற்றை எழுத்தை விட்டதில்தான் எல்லாமே வந்தது.

"பேரை வாங்குறது ஒரு வேலைக்கா, வாங்குன பேரு சும்மா நடுரோட்டுல நிக்கும்" என்று ஜெபசிங் விளக்கினான். "அது எந்த வீட்டுக்குப் போவணும்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும்." பெயர் விற்றவர்களின் பக்கத்தைத் திறந்து ரெண்டு வரி எழுதினான். இந்தப் பெயரோடு யார் வந்தாலும் பச்சைக் கதவுக்கு அனுப்பு என்பது முதல் வரி, இந்த வீட்டுக்காரி இவள்தான் என்று காட்டுகிற ரகசியக் குறி இரண்டாவது வரி. பிறகு வலைப்பூவின் செட்டிங்ஸுக்கு வந்து, கடைசியாக ஒன்று கேட்டான். "முன்னால மூணு டபிள்யூ போட்டு வந்தாலும் சரி, வெறும் பேரோட வந்தாலும் சரி, பழைய அட்ரஸுக்கே வந்தாலும் சரி, எல்லாத்தையும் இங்ஙனயே திருப்பி விட்டுரவா?"

"எல்லாரையும் திருப்பி விடு தம்பி" என்றாள் பத்திரக்கனி.

"உலகம் பூரா இது போய்ச் சேர ரெண்டு நாளாவும். சில ஊருக்குச் சட்டுனு போவும், சில ஊருக்குப் பையத்தான் போவும்."

அப்படியே ஆயிற்று. நாக்பூருக்குச் சட்டென்று போனது, கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் மறுநாள் போனது, பக்கத்தில் இருக்கிற சாத்தான்குளத்துக்கு எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் போனது. லிங்கதுரை என்று பெயர் வைத்திருந்த ஆண்பிள்ளை எவனானாலும், கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினால் கடைக்குப் போனான், கோயிலுக்கு என்று கிளம்பினால் கோயிலுக்குப் போனான், வீட்டுக்கு என்று மனசில் நினைத்துக் கிளம்பினால் மட்டும், நடந்தாலும் பஸ் ஏறினாலும் பறந்தாலும், கடைசித் திருப்பத்தில் தெற்குத் தெருப் பச்சைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றான். பஸ் கண்டக்டர் லிங்கதுரை பையைக் கழற்றாமலே வந்தார், ரிடையர் ஆன ஹெட்மாஸ்டர் லிங்கதுரை குடையோடு வந்தார், பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்த லிங்கதுரை வந்து, இது போலீஸ்காரர்களின் வேலைதான் என்று வைதார். தாலி கட்டிய கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு வீடு திரும்பிய ஒரு லிங்கதுரை, கழுத்தில் மாலையோடு தனியாக வந்து சேர்ந்தான். அங்கே அவன் வீட்டில் அந்தப் பெண் ஒற்றையாக விளக்கேற்றிவிட்டு, பாலையும் பழத்தையும் அவளே தின்றாள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

யூனிஃபார்ம் போட்ட ஒரு குட்டி லிங்கதுரையும் வந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அழுதுகொண்டே வந்து நிற்பான். தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாளாக மூக்கைத் துடைத்து, சோறு போட்டு, மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று அவனை நம்பவைத்து ராஜபாளையத்துக்குக் கொண்டு போய் விட்டார்கள். கடைசியில் அவன் அப்பா பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்து அவன் பெயரை ரித்தேஷ் என்று மாற்றினார். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அவனுக்கென்று உப்புக் குறைத்துச் சமைத்துப் பழகியிருந்த பெண்களுக்குச் சில நாள் கை ஓடவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழைத் தண்ணீர் வந்தால் வாய்க்கால் வெட்டுவது போல எடுத்துக்கொண்டது. முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அடுத்த வாரம் பெஞ்சு போட்டார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் சித்திரைப்பழம் அண்ணாச்சி தெருமுனையில் பந்தல் போட்டு, நெஞ்சில் தொண்டர் பட்டை குத்திய ரெண்டு பேரை உட்காரவைத்து, வருகிறவரிடமெல்லாம் எந்த ஊர் லிங்கதுரை என்று கேட்டு, அந்தந்த ஊர் பஸ்ஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். டீக்கடை ஒன்று நாலாயிற்று. உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்து இடிந்து கிடந்த கிட்டங்கி லாட்ஜ் ஆயிற்று. பச்சைக் கதவு ஸ்டாப் என்று கண்டக்டர்கள் கூவினார்கள். லிங்கதுரை என்ற பெயர் இல்லாத சிலர்கூட, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்து, தாங்களும் லிங்கதுரைதான் என்று சொல்லி ரெண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போனார்கள்.

பச்சைக் கதவு வலைப்பூவை இப்போது உலகமே வாசித்தது. பத்திரக்கனி வாளியைப் பற்றியும் முருங்கையைப் பற்றியும் என்ன எழுதினாலும், அதன் கீழே லிங்கதுரைகளின் பெண்டாட்டிமார் வரிசையாக வந்து கேட்டார்கள்: அக்கா, கோட்டு போட்ட ஆளு, இடது காதுல மச்சம், வந்தாரா? தங்கச்சி, எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, டீயில சீனி போட விட்டுராத. ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் போட்டாள். வந்துட்டாக, தண்ணி குடுத்தேன், சாயங்கால பஸ்ஸுல ஏத்தி விட்டுருக்கு. சங்கத்துக்காரர்கள் அவள் வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, அவள் விரல் ஓய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வீடு போய்ச் சேர ஒரு உபாயம் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நாக்பூர்க்காரர்தான். போகிற இடத்தை வீடு என்று நினைக்கக் கூடாது. யாரோ ஒருவர் வீட்டுக்கு ஏதோ ஒரு காரியமாகப் போகிறேன் என்று மனசார நினைத்துக்கொண்டு போனால் போய்ச் சேர்ந்துவிடலாம். வாயால் சொன்னால் போதாது, மனசு நம்ப வேண்டும். பலருக்கு அது சீக்கிரம் கைவந்துவிட்டது. அப்படிப் பழகியவர்கள் தங்கள் வீட்டில் விருந்தாளி போல ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டு, குழம்பு நன்றாயிருக்கிறது என்று பெண்டாட்டியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் படுத்தார்கள்.

சாத்தூர் லிங்கதுரைக்கு மட்டும் அது கைவரவே இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவர். அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்து கிளம்பினார், பச்சைக் கதவுக்கு வந்தார். இங்கிருந்து சாத்தூருக்குப் பஸ் ஏறினார், இறங்கினால் பச்சைக் கதவு. கார் பிடித்தார், பச்சைக் கதவு. யாரோ வீடு, யாரோ வீடு என்று சொல்லிக்கொண்டே பைத்தியக்காரனைப் போல நடந்து பார்த்தார். "எங்கம்மா கெடக்குற வீட்டை எப்படித் தாயி வேற வீடுன்னு நெனைக்கது?" என்று பத்திரக்கனியிடம் கேட்டார். அம்மா போய்விட்டாள் என்ற போன் அவருக்கு இந்தப் பெஞ்சில் வைத்துத்தான் வந்தது.

ஜெபசிங் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நேரே வந்து, "அந்த ரெண்டு வரியையும் அழிச்சிருவோம்க்கா. ஒரு நிமிச வேலைதான், பேரு பழையபடி நடுரோட்டுக்குப் போயிரும்" என்றான்.

"அவுக வரட்டும் தம்பி. வந்த அன்னிக்கே எடுத்துருவோம்."

"சாத்தூர்க்காரரைப் பாருங்கக்கா."

"பாக்காமலா இருக்கேன்? இன்னிக்கு எடுத்து, நாளைக்கு எங்க வீட்டுக்காரக கிளம்பியிருந்தா?"

பத்திரக்கனிக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. சாத்தூர்க்காரருக்குத் தன் கையால் சோறு போட்டாள், அவர் அழுதபோது அவளும் அழுதாள். ஆனால் அவள் இரக்கத்துக்கு ஒரு எல்லை இருந்தது, அந்த எல்லை அவள் வாசல்படியில் முடிந்தது. சாத்தூர்க்காரரும் வேறு போக்கிடம் இல்லாமல் முனையில் இருந்த டீக்கடையிலேயே டீ ஆற்ற நின்றுகொண்டு, உங்க வீட்டுக்காரரு வந்தா எனக்கும் விடிவு என்று அவளோடு சேர்ந்து பாதையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர் கூடி, கனி புருசன் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று தேங்காய் உடைத்தது. உடைத்தவர்கள் எல்லாரும் உள்ளுக்குள், வந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார்கள். அம்மனுக்கு இரண்டும் கேட்டிருக்கும்.

டீக்கடைப் பேச்சு ஒன்று அவள் காதிலும் விழுந்தது. உலகத்தில் உள்ள லிங்கதுரை அத்தனை பேரும் வந்தாயிற்று, இவள் புருசனுக்கு மட்டும் ஒருநாள்கூட வீட்டுக்குப் போவோம் என்று தோன்றவில்லையா என்று சித்திரைப்பழம் அண்ணாச்சி கேட்க, கேட்டவர்கள் சிரித்தார்கள். பத்திரக்கனி நின்று, "அவுக ரூம்புலல்லா இருக்காக. ரூம்பு எங்கயாவது வீடாவுமா?" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து, அந்தப் பதிலைத் தனக்கும் ரெண்டு தடவை சொல்லிக்கொண்டாள். வீடு என்ற நினைப்பே இல்லாமல் எங்கோ ஒரு இரும்புக் கட்டிலில் படுத்திருக்கிறான், அந்த நினைப்பு வந்துவிட்டால் இங்கேதான் வருவான். இந்தக் கணக்கில் அவளுக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

வருசம் திரும்பி, அந்தப் பெயரை ஜெபசிங் ஒரு தடவை புதுப்பித்தும் ஆன பிறகு, ஒரு மாலையில் அவள் புருசன் வந்தான்.

வழுக்கை விழுந்திருந்தது, தாடி வைத்திருந்தான். ஆனால் ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் காலின் கெண்டைச் சதையில் தேய்த்துக்கொண்டு நிற்கிற நிற்பு அவனுடையதுதான். அதைப் பார்த்ததும் பத்திரக்கனியின் கையிலிருந்த செம்பு குலுங்கியது. சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். இத்தனை பேர் வாய்க்கும் பதில் வந்து வாசலில் நிற்கிறதே என்று ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தாள். ஒரு கையில் குழந்தைப் பால்மாவு டப்பா. இன்னொரு கையில் கண்ணாடிக் காகிதப் பைக்குள் மடித்த சின்ன ரோஸ் கவுன், அதன் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது.

அவன் முகத்தில் இருந்ததும், திரும்பி வந்தவனின் முகம் இல்லை. நாக்பூர்க்காரரின் முகத்தில் அவள் முதல்நாள் பார்த்த அதே முழிதான்.

"கனி" என்றான்.

அவள் செம்பை நீட்டினாள். எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்டாள்: "எந்த ஊரு லிங்கதுரை நீங்க?"

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன், "ஈரோடு" என்றான்.

"ஈரோட்டுல எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசமாச்சு. மஞ்ச மண்டியில வேலை."

"வீட்டுக்குன்னுதான் கிளம்புனீகளா?"

அவன் கவுன் இருந்த பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"ரெண்டு வருசமா வரலியே. இன்னிக்கு மட்டும் எப்படி?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவனுக்குப் பொய் வரவில்லை. "இன்னிக்குத்தான் அப்படித் தோணிச்சு" என்றான். "காலைல பிள்ளை என்னையப் பாத்து அப்பான்னுச்சு. கடையில கவுனை வாங்கிட்டு, வீட்டுக்குப் போவோம்னு நெனைச்சேன்."

ரெண்டு வருசமாக அவன் அங்கே ஒருத்தியோடு இருந்திருக்கிறான், தின்றிருக்கிறான், படுத்திருக்கிறான், ஒரு பிள்ளையும் பிறந்திருக்கிறது. அத்தனை நாளும் அந்த இடத்தை அவன் வீடு என்று நினைத்ததில்லை, அதனால்தான் வரவில்லை. நினைத்த அன்றைக்கே வந்துவிட்டான். பத்திரக்கனிக்கு எல்லாம் விளங்கியது. அவன் வராமல் இருந்த நாளெல்லாம் அவளுக்கு நல்ல நாளாக இருந்திருக்கிறது என்பதும் விளங்கியது. நெஞ்சில் ஒரு பக்கம் எரிந்தது, இன்னொரு பக்கம் ஈரத்துணி போட்டது போல ஜில்லென்று ஆனது.

"தண்ணியக் குடிங்க" என்றாள்.

தெருவே சேர்ந்துவிட்டது. அவனோடு ஒன்றாகப் படித்தவர்கள் இருந்தார்கள், அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் இருந்தார்கள், அவன் அப்பாவின் பாடையைத் தூக்கியவர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் அவனைத் தெரிந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜெபசிங்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது நம்ம அண்ணன்தானே? வந்துட்டாகல்லா? அழிச்சிரட்டுமா?" என்றான்.

சித்திரைப்பழம் அண்ணாச்சி துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்.

"இவுக ஈரோட்டு லிங்கதுரை தம்பி" என்றாள் பத்திரக்கனி. "எங்க வீட்டுக்காரக இன்னும் வரல."

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டார். அதானே, நம்ம லிங்கதுரைக்கு இவ்வளவு வழுக்கை ஏது என்று யாரோ எடுத்துக் கொடுக்க, மூக்கும் இப்படி இருக்காது என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவன் அவன் இல்லை என்பது ஊரறிந்த உண்மை ஆகிவிட்டது. சாத்தூர்க்காரர் மட்டும் கையில் டீக் குவளையோடு ஓடி வந்து, "தாயி, எனக்குத் தெரியும் தாயி, நீங்க தண்ணி குடுத்த கை நடுங்குச்சு. அம்மாவுக்குத் திவசம் வருது, என்னைய விட்டுருங்க" என்று கெஞ்சினார். பட்டை குத்தியவர்கள் அவரை நயமாகக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள்.

எல்லா லிங்கதுரைக்கும் சொல்லிக் கொடுப்பதைப் பத்திரக்கனி இவனுக்கும் சொல்லிக் கொடுத்தாள். "ஈரோட்டுக்குப் போய்ச் சேரணும்னா அதை உங்க வீடுன்னு நெனைக்காதீக. யார் வீட்டுக்கோ போற மாதிரி நெனைச்சிக்கிட்டுப் போங்க. மத்தவுகளுக்குப் பழக நாளாவும். ஒங்களுக்கு அதைச் சொல்லியா குடுக்கணும்?"

அவன் செம்பைப் படியில் வைத்துவிட்டு, பட்டை குத்தியவர்களின் பின்னால் நடந்தான்.

நிஜமாகவே சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாள் அவன் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவன் வராத ஒவ்வொரு நாளும், ஈரோட்டில் அந்த இடம் யாரோ வீடாகத்தான் இருக்கிறது என்று பத்திரக்கனிக்குத் தெரிந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டாள். எப்போதாவது வந்து நிற்பான். பிள்ளை எழுந்து நின்றதாம், பிள்ளைக்கு மொட்டை போட்டார்களாம், அந்தச் சந்தோசத்தில் மறந்துபோய் வீடு என்று நினைத்திருப்பான். ஒரு தடவை கிலுகிலுப்பையோடு வந்தான், ஒரு தடவை பிறந்தநாள் கேக்கோடு வந்தான், கேக் வெயிலில் உருகியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் தண்ணீர் கொடுத்தாள், எந்த ஊர் லிங்கதுரை என்று முதல் தடவை கேட்பது போலவே கேட்டாள். அவனும் ஈரோடு என்றான். ஜெபசிங்கிடம் சொல்லி, போட முடிகிற அத்தனை வருசத்துக்கும் அந்தப் பெயரை ஒரேயடியாகப் புதுப்பித்து வைத்தாள். ஜெபசிங் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைச் செய்து கொடுத்தான்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஈரோட்டு லிங்கதுரை கையில் ஒரு மருந்துப் பாட்டிலோடு வந்தான். தண்ணீரை வாங்காமல், கேள்விக்கும் நிற்காமல், யாரோ வீடு யாரோ வீடு என்று முனகிக்கொண்டே திரும்பி ஓடினான். தெருமுனை திரும்பியதும் மறுபடி பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றான். மறுபடி ஓடினான், மறுபடி நின்றான். பயம் அவனுக்கு அந்த உபாயத்தை மறக்கடித்துவிட்டது. எத்தனை தடவை ஓடினாலும் அவன் மனசு வீடு என்றே சொன்னது. சாத்தூர்க்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தபடி நின்றார். பார்க்கப் பொறுக்காமல் உள்ளே போய்விட்டார்.

கடைசியில் அவன் படியில் முட்டி போட்டான். மழைத் தண்ணீர் தாடியில் சொட்டியது.

"காய்ச்சல் கனி. கண்ணு சொருகுது. அவ ஒத்தையில கெடக்கா. ஒரே ஒரு தடவை அதை எடுத்து விடு. நான் செஞ்சது எல்லாம் தப்புதான். பிள்ளை என்ன செஞ்சுது?"

பிள்ளை ஒன்றும் செய்யவில்லை என்று பத்திரக்கனிக்கும் தெரியும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஜெபசிங்கைக் கூப்பிடுவோம் என்று வாய் வரை வந்தது. கனி என்று அவன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் நின்றது. இத்தனை வருசத்தில் அந்தப் பெயரை அவன் வாயால் கேட்க அவள் பட்ட பாடும் சேர்ந்து நின்றது.

"எந்த ஊரு லிங்கதுரை நீங்க?" என்றாள்.

அவன் எழுந்து மறுபடி தெருமுனைக்கு ஓடினான்.

பத்திரக்கனி உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் அவள் எழுதிப் போட்டிருந்த மழைக் குறிப்பின் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. சிந்தாமணி என்று பெயர் போட்டிருந்தது.

'வணக்கமுங்க அக்கா. உங்களைப் பத்தி மண்டியில சொன்னாங்க. என்ற ஊட்டுக்காரரு பேரும் லிங்கதுரைங்க. புள்ளைக்கு மருந்து வாங்கப் போனவரு இன்னும் ஊடு வந்து சேருலீங்க. போனும் ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு. புள்ளைக்கு ரொம்ப முடியலீங்க. உங்க பக்கம் வந்தாருங்களா அக்கா?'

அதை அவள் நிதானமாக வாசித்தாள். ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, கதவையும் போனையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறாள். அது எப்படி இருக்கும் என்று பத்திரக்கனியை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வெளியே படியில் ஈரச் செருப்பு வந்து நிற்கிற சத்தமும், திரும்பி ஓடுகிற சத்தமும் கேட்டது.

அவள் பதில் எழுதினாள்: 'அப்படி யாரும் இங்க வரலியே தங்கச்சி. வந்தா தண்ணி குடுத்து ஏத்தி விடுதேன். நீ கதவைத் திறந்தே வையி.'

பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, அனுப்பினாள். வாசலில் மறுபடியும் ஆள் வந்து நின்ற சத்தம் கேட்டது. எழுந்து, செம்பில் தண்ணீர் மோந்துகொண்டு போனாள்.